வெளிச்சம் சுமந்தவர்களும் கணினி அரங்கும்

எங்க தாத்தாவுக்கு உச்சந்தலையில் ஒரு கையகலத்துக்கு முடி இருக்காது. வழுக்கை என்று சொல்ல முடியாது; சுற்றிலும் நல்ல அடர்த்தி. சும்மாடு கட்டி, அதன்மேல் கேஸ் லைட்டை வைத்துக்கொண்டு நாற்பது வருஷம் நடந்ததில் தேய்ந்துபோன இடம் அது. செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையில் இருக்கிற எங்கள் பக்கத்தில் ஊர்க் கல்யாணம், சாமி ஊர்வலம், திரௌபதியம்மன் திருவிழாக் கூத்து எதுவானாலும் லைட்டு தூக்கச் சேரியிலிருந்துதான் ஆள் போகணும். கூலி முதலில் அரைப்படி நெல், அப்புறம் எட்டணா, அப்புறம் ஒரு ரூபாய்.

நாடகத்துக்குக் கணினியைப் பயன்படுத்துவது பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தத் தலைதான். தமிழ் நாடக வரலாறு எழுதியவர்கள் நடிகர்களை எழுதினார்கள். வாத்தியார்களை எழுதினார்கள். கம்பெனி முதலாளிகளை, சீன் வரைந்தவர்களைக்கூட எழுதினார்கள். விடிய விடிய நடந்த கூத்து எந்த வெளிச்சத்தில் தெரிந்தது, அந்த வெளிச்சம் யார் கையில் இருந்தது என்று கேட்டவர்கள் குறைவு. இன்றைக்கு நாடக வெளிச்சம் மடிக்கணினிக்குள் வந்துவிட்டது. அதை நம் பிள்ளைகள் கற்றுக்கொள்வது புது விஷயம் போலப் பேசுகிறார்கள். எனக்கு அது அவ்வளவு புதுசாகப் படவில்லை.

கேஸ் லைட்டுக்கு முன்னால் தீவட்டி. எங்கள் ஊரில் பந்தத்துக்குப் பழந்துணி சுற்றித் தருவது வண்ணார் வீட்டு வேலை. எண்ணெய்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போவது எங்க ஆளுங்க வேலை. தாத்தா சிறுவயதில் சட்டி தூக்கினவர். அவர் சொன்னது இது: "வேஷக்காரன் எங்க போறானோ அங்க பந்தம் போவணும். மூஞ்சிக்கு நேரா புடிச்சா ஜனத்துக்குத் தெரியாது, ஒரு கை தள்ளி, கொஞ்சம் தாழ்வா. அப்பதான் கிரீடத்துல கண்ணாடி ஜொலிக்கும்." இரணியன் திரைக்குப் பின்னால் நின்று பாட ஆரம்பித்ததும் ஒரு பிடி குங்கிலியப் பொடியை எடுத்துத் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும். திரை விலகுகிற அந்த ஒரு நொடியில் பந்தத்தின்மேல் வீசினால் தீ குப்பென்று ஆள் உயரம் எழும்பும். சின்னப் பிள்ளைகள் அலறும். முந்தி வீசினால் திரை பற்றிக்கொள்ளும், பிந்தி வீசினால் சிரிப்பாகிவிடும். "கட்டியக்காரன் சாடை காட்டுவான். அதப் பாத்துகினே இருக்கணும்" என்பார். இந்தச் சாடை என்ற சொல்லை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இது ஒளியமைப்பு இல்லாமல் வேறென்ன? கோணம், தூரம், நேரம் மூன்றும் இதில் இருக்கிறது. ஆனால் இதற்குப் பெயர் ஊழியம். மேடை வெளிச்சத்தை ஒரு கலையாக்கியவர் என்று ஐரோப்பாவில் அடால்ஃப் அப்பியாவைக் கொண்டாடுகிறார்கள். அவர் எழுதிய காலத்தில்தான் எங்கள் பூட்டன்கள் பந்தத்துக்குப் பின்னால் எண்ணெய்ச் சட்டியோடு நடந்துகொண்டிருந்தார்கள். ஒப்பிட்டுப் பெருமை பேச இதைச் சொல்லவில்லை. ஒருவன் கையில் இருந்தால் கலை, இன்னொருவன் கையில் இருந்தால் கூலி என்று எப்படி ஆனது என்பதுதான் கேள்வி.

கேஸ் லைட்டு என்று நாங்கள் சொல்வது பெட்ரோமாக்ஸ். 1910 வாக்கில் பெர்லினில் ஒரு கம்பெனி கொண்டுவந்த விளக்கு. மண்ணெண்ணெயைப் பம்படித்து அழுத்தி, ஆவியாக்கி, அந்தச் சூட்டில் மேன்டில் என்கிற வலைத்துணியை ஒளிரச் செய்வது அதன் வேலை. அந்த மேன்டிலைக் கண்டுபிடித்தவர் ஆஸ்திரிய வேதியியலாளர் வெல்ஸ்பாக். துணியில் தோரியம் உப்பை ஏற்றியிருப்பார்கள். முதல் தடவை கொளுத்தியதும் துணி எரிந்துபோய் சாம்பல் கூடு மட்டும் நிற்கும். நமக்கு வெளிச்சம் கொடுப்பது அந்தச் சாம்பல்தான். தொட்டால் உதிர்ந்துவிடும். 1984இல் வந்த 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் கவுண்டமணியும் செந்திலும் மேன்டிலை வைத்துப் பண்ணிய கூத்துக்குத் தமிழ்நாடே சிரித்தது. எங்கள் வீட்டில் யாரும் பெரிசாகச் சிரிக்கவில்லை. மேன்டில் உடைந்தால் அன்றைய கூலியில் பிடித்துக்கொள்வார்கள்.

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. அந்தத் தோரியம் கிடைக்கிற மோனசைட் மணல் நம்முடைய தென்கடற்கரையிலேயே இருந்தது. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் அதைத் திருவிதாங்கூர்க் கரையில் கண்டறிந்தார். பிறகு மணவாளக்குறிச்சியில் மணலைப் பிரித்தெடுக்க ஆரம்பித்தார்கள். கடற்கரைக் கூலிகள் அள்ளிக் கொடுத்த மணல் கப்பல் ஏறி ஐரோப்பா போனது. விளக்காகவும் மேன்டிலாகவும் நம் ஊருக்கே திரும்பி வந்து சேரிக் கூலிகளின் தலையில் ஏறியது. தோரியம் கதிர்வீச்சு உள்ள பொருள். தாத்தா மேன்டிலை வெறுங்கையால் கட்டி, முனையை வாயில் கடித்து இழுத்து முடிச்சுப் போடுவார்.

கேஸ் லைட்டு வந்ததும் வெளிச்சக்காரனின் இடம் மாறியது. பந்தம் வேஷக்காரனோடு கூடவே நடந்தது. கேஸ் லைட்டைக் கழியில் கட்டித் தொங்கவிட்டால் அது பாட்டுக்கு எரியும். அதைத் தூக்கி வந்தவன் இனி தேவையில்லை. பம்பு அடிக்க மட்டும் இடையிடையே கூப்பிடுவார்கள், அடித்துவிட்டு விலகி வந்துவிட வேண்டும். திரௌபதியம்மன் வாசலில் வெளிச்சம் கொண்டுபோய் வைத்தவர், பாரதக் கூத்தைத் தெருமுனையிலிருந்து எட்டிப் பார்த்தவர் எங்க தாத்தா. அது பழைய கதை என்று சொல்கிறவர்களுக்கு: எங்கள் விழுப்புரம் மாவட்டத்து மேல்பாதியில் 2023 ஏப்ரலில் திரௌபதியம்மன் கோயிலுக்குள் போன தலித்துகள் தாக்கப்பட்டார்கள், ஜூனில் அதிகாரிகள் கோயிலைப் பூட்டிச் சீல் வைத்தார்கள்.

மின்சாரம் வந்த பிறகு நகரத்து நாடகம் தனி வழியில் போனது. நவாப் ராஜமாணிக்கமும் ஆர்.எஸ். மனோகரும் தந்திரக் காட்சிகளால் கூட்டத்தை வாய்பிளக்க வைத்தார்கள். வங்காளத்தில் தபஸ் சென் என்ற ஒளியமைப்பாளர், உத்பல் தத் 1959இல் மேடையேற்றிய 'அங்கார்' நாடகத்தில், நிலக்கரிச் சுரங்கத்துக்குள் தண்ணீர் ஏறித் தொழிலாளிகள் மூழ்குவதை வெளிச்சத்தாலேயே காட்டினார். கையில் கிடைத்ததை வைத்தே செய்தவர் அவர். தகர டப்பாவே அவருக்கு விளக்குக் கூடாகும். வெளிச்சத்துக்கு வர்க்கம் உண்டு என்பதை நான் அவரைப் பற்றிப் படித்தபோதுதான் யோசித்தேன். சாதியும் உண்டு என்பது அதற்கு முன்பே தெரியும்.

1996இல் நான் ஒரு பல்கலைக்கழகத்தின் நாடகத் துறையில் சேர்ந்தேன். அம்பேத்கர் நூற்றாண்டுக்குப் பின் வந்த எழுச்சி அடங்காமல் இருந்த நேரம். கே.ஏ. குணசேகரனின் 'பலி ஆடுகள்' போன்ற பிரதிகள் தலித் அரங்கு என்ற பேச்சைத் தொடங்கி வைத்திருந்தன. நடிக்கத்தான் ஆசைப்பட்டுப் போனேன். முதல் வாரமே ஏணியைக் காட்டி, "நீங்கள்லாம் பனை ஏறுற ஜனம், நீ மேல ஏறி லைட்டைக் கட்டு" என்றார் ஒருவர். நாங்கள் பனை ஏறுகிறவர்கள் இல்லை என்பதுகூட அவருக்குத் தெரியாது. ரெண்டு வருஷம் ஏணிமேல் இருந்தேன். கீழே டிம்மர் பலகை கண்ணாடி அறைக்குள் பூட்டியிருக்கும். எந்த லைட்டு எப்போது எவ்வளவு எரிய வேண்டும் என்று முடிவு செய்கிறவர்கள் அந்த அறைக்குள் போவார்கள். சாவி எனக்குக் கடைசிவரை வரவில்லை.

டிம்மரின் சங்கதியை நான் கற்றது வெளியில், ஒரு சபா நாடகத் தொழிலாளியிடம். பீங்கான் ஜாடியில் உப்புத் தண்ணீர், அதற்குள் ரெண்டு உலோகத் தகடு. மேல் தகட்டைக் கயிறு கட்டி மெல்ல இறக்கினால் விளக்கு மெல்லப் பிரகாசமாகும், தூக்கினால் மங்கும். அரைமணியில் தண்ணீர் கொதிக்கும். கை தவறினால் ஆளே போய்விடுவான். மங்கலும் பிரகாசமும் என் விரல் சொன்னபடி கேட்டது அன்றைக்குத்தான். அந்தப் பெரியவர் என் சாதியைக் கேட்கவில்லை, செருப்பைக் கழற்றாதே என்று மட்டும் சொன்னார்.

கணினி நாடகத்துக்குள் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1975இல் நியூயார்க்கில் 'எ கோரஸ் லைன்' என்ற நாடகத்துக்கு ஒளியமைத்த தாரன் மஸ்ஸர் என்ற பெண்மணிதான் பிராட்வேயில் முதன்முதலில் ஞாபகசக்தி உள்ள பலகையைக் கொண்டுவந்தார். அதற்கு முன்னால் பல ஆட்கள் கை வலிக்கக் கைப்பிடிகளை இழுத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு கம்பெனிக்குக் கம்பெனி வேறு வேறு பலகை. ஒருவன் பலகை இன்னொருவன் டிம்மரோடு பேசாது. 1986இல் அமெரிக்க அரங்கத் தொழில்நுட்பக்காரர்கள் கூடி டி.எம்.எக்ஸ். 512 என்ற பொது மொழியை வகுத்தார்கள். ஒரே கேபிளில் 512 தடங்கள். ஒவ்வொரு தடத்துக்கும் 0 முதல் 255 வரை ஒரு எண். பூஜ்யம் இருட்டு, 255 முழு வெளிச்சம். அவ்வளவுதான் சூட்சுமம். இன்றைக்கு வண்ணவண்ணமாகச் சுழல்கிற எல்லா மேடை விளக்கும் இந்த எண்களுக்குத்தான் ஆடுகின்றன.

எண்தான் என்றால் நமக்கென்ன பயம்? ஆனால் அந்த எண்ணை அனுப்புகிற பலகை லட்சக்கணக்கில் விலை. அது நம் கைக்கு வந்தது இரண்டு காரணத்தால். நீல எல்.இ.டி. 1990களில் சாத்தியமாகி, வெள்ளையும் வண்ணமும் எல்.இ.டி.யில் கிடைத்து, சீன விளக்குகள் மலிந்தன. அடுத்தது இலவச மென்பொருள். க்யூ.எல்.சி. பிளஸ் என்ற நிரலைக் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். பழைய மடிக்கணினியிலும் ஓடும். ஒலிக்கு ஆடாசிட்டி இருக்கிறது, அதுவும் இலவசம். மேடைக்காரர்கள் மெச்சுகிற க்யூலேப் 2006இல் வந்தது. ஆனால் அதற்கு ஆப்பிள் கணினியே வேண்டும். எங்கள் காலனியில் ஆப்பிளைப் பழமாகவே அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறோம்.

2022இல் எங்கள் காலனி இரவுப்பள்ளியில் ஒன்பது பிள்ளைகளோடு தொடங்கினேன். சென்னை ரிச்சி தெருவில் நாலு எல்.இ.டி. பார் லைட்டும், கணினிக்கும் லைட்டுக்கும் இடையில் போடுகிற யு.எஸ்.பி. கேபிளும் வாங்கி வந்தேன். ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு விலாசம் வைக்க வேண்டும். நாங்கள் வாங்கிய விளக்கு ஒன்று ஏழு தடம் எடுத்துக்கொள்ளும். முதல் விளக்கு 1, அடுத்தது 8, பிறகு 15, 22. ஒரு பழைய விளக்கில் விலாசத்தைச் சின்னச் சின்ன சுவிட்சுகளால் வைக்க வேண்டியிருந்தது. 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துப் போகும் சுவிட்சுகள். 22 வேண்டுமென்றால் 16, 4, 2 மூன்றையும் மேலே தள்ளணும். கணக்கில் ரெண்டு தடவை ஃபெயிலான பையன் பத்து நிமிஷத்தில் பிடித்துக்கொண்டான். "இதத்தான் சார் ஸ்கூல்ல பைனரின்னு சொல்லி அடிச்சாங்களா?" என்று கேட்டான்.

திரையில் எல்லாம் ஆங்கிலம். ஒரு நோட்டுப் போட்டு ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தோம். ஃபேட் இன்னுக்கு 'ஏறுமுகம்', ஃபேட் அவுட்டுக்கு 'எறங்குமுகம்'. க்யூ என்பதற்கு ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நான் தாத்தா சொன்ன 'சாடை'யைச் சொன்னேன், அதுவே நிலைத்தது. இப்போது நோட்டில் 'சாடை 1, சாடை 2' என்றுதான் இருக்கிறது.

முதல் நிகழ்ச்சியில் மானம் போனது. விளக்குகள் தானாகத் துடித்தன. சிவப்பு கேட்டால் பச்சை மின்னியது. மென்பொருள் சரியில்லை, இலவசம் என்றால் இப்படித்தான் என்று நானே திட்டினேன். தவறு என்னுடையது. சிக்கனம் பார்த்து மைக் கேபிளைப் போட்டிருந்தேன், கடைசி விளக்கின் முனையைத் திறந்தே விட்டிருந்தேன். கேபிளின் கடைக்கோடியில் 120 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவைத்து மூடாவிட்டால் போன சமிக்ஞை சுவரில் மோதிய பந்து மாதிரி திரும்பி வந்து குழப்பும். அந்த ரெசிஸ்டர் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிற சாமான். பல்கலைக்கழகத்தில் ஏணிமேல் ரெண்டு வருஷம் இருந்தவனுக்கு அது யாராலும் சொல்லப்படவில்லை.

பறை விஷயத்தில் வேறு மாதிரி அடிபட்டோம். எங்கள் காலனியில் நல்ல வாத்தியக்காரர் ஒருவர் இருக்கிறார், எழுபது வயசு. அவர் அடியைச் செல்போனில் பதிந்து, ஆடாசிட்டியில் இரைச்சல் எடுத்து, துண்டுதுண்டாக வெட்டி, பட்டனைத் தட்டினால் பறை கேட்கிற மாதிரி செய்துவிட்டார்கள் பிள்ளைகள். ரொம்பப் பெருமையாக அவரிடம் போட்டுக் காட்டினார்கள். கேட்டுவிட்டு, "இதுல நா எங்கடா கீறேன்?" என்றார். "தோலு காயல, குச்சி தேயல, கை வலிக்கல. நாளைக்கு ஊர்க்காரன் இத வாங்கிப் போட்டுக்குவான். பறை வேணும், பறையன் வேணாம்." நான் பதில் சொல்ல முடியாமல் நின்றேன். பறையடிப்பது அடிமைத் தொழில், விட்டொழிக்க வேண்டும் என்று ஒரு காலத்தில் முழங்கியவர்கள் நாம். இல்லை, அது எதிர்ப்பின் கலை என்று பின்னால் திருத்திச் சொன்னவர்களும் நாம்தான். கணினி இந்த இரண்டு வாதத்தையும் ஓரமாகத் தள்ளிவிட்டு, ஒலியை மட்டும் உரித்து எடுத்துக்கொண்டு போகப் பார்க்கிறது. இந்தக் கருவிகளால் விடுதலை கிடைக்கும் என்று சொல்கிறவர்கள் அந்தப் பெரியவருக்கு ஒரு பதில் வைத்திருக்க வேண்டும்.

அந்தப் பதிவை அழித்தோம். அவர் நேரிலேயே வந்தார். வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய வைத்துக்கொண்டு மேடையோரம் உட்கார்ந்தார். கணினியில் இருந்த பெண் அவருடைய அடிகுச்சியையே பார்த்துக்கொண்டிருந்து ஸ்பேஸ்பார் தட்டினாள். சாடை அவரிடம், விளக்கு அவளிடம் என்று ஆனது.

நாடகம் கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25, நாற்பத்து நாலு பேர். நகரத்தில் இதைப் போட்ட ஒரு குழு ப்ரொஜெக்டரில் தீயை ஓடவிட்டு, அரங்கு முழுக்க ஆரஞ்சு நிறத்தில் குளிப்பாட்டியதை நான் பார்த்திருக்கிறேன். கைதட்டினார்கள். நம் மென்பொருளிலும் தீ மாதிரி துடிக்கிற எஃபெக்டை நிமிஷத்தில் செய்துவிடலாம். பிள்ளைகள் அதைத்தான் முதலில் செய்தார்கள். ஸ்பேஸ்பார் பெண்தான் வேண்டாம் என்றாள். "எரியறத ஏன் சார் அழகா காட்டணும்?" வெளிச்சத்தை 255இலிருந்து பூஜ்யத்துக்கு நாற்பத்து நாலு சாடையில் இறக்கலாம் என்பது அவள் யோசனை. ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய ஆறு எண் குறையும். ஒரு அடி, ஒரு சாடை.

எல்.இ.டி. ஒத்துழைக்கவில்லை. மேலே மெதுவாக இறங்கும். கடைசி இருபது எண்ணுக்குள் வந்ததும் வெட்டு வெட்டாகக் குதித்து, பொசுக்கென்று அணைந்துவிடும். இழை விளக்கு அப்படி இல்லை, சிவந்து, கறுத்து, யோசித்துச் சாகும். மென்பொருளில் வளைவை மாற்றிப் பார்த்தோம், முழுசாகச் சரியாகவில்லை. கடைசி பத்து சாடைக்குப் பழைய கடையொன்றில் தூசியோடு கிடந்த நூறு வாட் குண்டு பல்பைத் தேடிப்பிடித்து, ஒரு சின்ன டிம்மர் பெட்டியில் மாட்டினோம். பார்த்தவர்கள் யாரும் எண்ணவில்லை என்று நினைக்கிறேன். முன்வரிசையில் இருந்த ஆயா ஒருத்தி இருபதாவது அடிக்கு மேல் காதைப் பொத்திக்கொண்டாள். முடிந்ததும் கைதட்டல் இல்லை.

அந்தப் பெண் இப்போது கல்லூரியில் படித்துக்கொண்டே லைட்டு வாடகைக்கும் போகிறாள். போன வருஷம் பக்கத்து ஊர்த் திரௌபதியம்மன் திருவிழாவுக்குக் கூத்து ஜமா ஒன்று அவளை அழைத்தது. எந்தக் காலனி என்று விசாரித்துத் தெரிந்துகொண்ட ஊர்க்காரர்கள், மேசையைத் தெருமுனையில் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். அங்கிருந்தே விளக்கை இயக்கலாமே, கேபிள் நீளம்தானே என்று ஒரு படித்த பையன் யோசனையும் சொன்னானாம். டி.எம்.எக்ஸ். கேபிள் முந்நூறு மீட்டர் வரை போகும், அவன் சொன்னதில் தொழில்நுட்பப் பிழை இல்லை. "வேஷக்காரன் மூஞ்சி தெரியாம நா எப்படி சாடை பாக்கறது? இங்கதான் மேச வேணும்" என்று பந்தலோரத்திலேயே பெட்டியைத் திறக்காமல் உட்கார்ந்துவிட்டாள். ராத்திரி பத்து மணிவரை பேச்சு. ஊர்ப் பெரியவர்கள் வேறு லைட்டுக்காரனுக்குப் போன் போட்டுப் பார்த்தார்கள். சித்திரை மாசம், எல்லோரும் வேறு வேறு திருவிழாவில் இருந்தார்கள். கூத்து வாத்தியார் பொழுது போகிறது என்று சத்தம் போட்டார். மனம் மாறி அல்ல, வேறு ஆள் கிடைக்காததால், மேசை பந்தலுக்குள் வந்தது. பத்தேமுக்காலுக்குக் கட்டியக்காரன் திரைக்கு முன்னால் வந்து நின்று, மேசைப் பக்கம் திரும்பித் தலையாட்டினான்.